சீம்பால் வெள்ளை, சோற்று வெள்ளை

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று, காரை விட்டு இறங்கிச் செருப்பைக்கூடக் கழற்றாமல், தன் அறைக்கு வெள்ளையடிக்கக் கூடாது என்று சவரியப்பன் சொல்லிவிட்டார்.

“நாப்பது நாள் வெள்ளைச் சொவத்தப் பாத்துக்கிட்டே கெடந்துட்டேன். இங்கிட்டும் வெள்ளை அடிச்சீங்கன்னா நான் போயி மாட்டுக்கொட்டகையில படுத்துக்குவேன்.”

கொட்டகையில் நாலு வருடமாக மாடு கிடையாது. விறகும் ஒரு பழைய சைக்கிளும்தான். என்றாலும் மனிதர் சொன்னால் செய்வார். முப்பத்தேழு வருடம் அவரோடு குடும்பம் நடத்தியவளுக்கு அது தெரியாதா? வெள்ளை வேண்டும் என்று கேட்டவள் அவர் மனைவி இன்னாசியம்மாள்தான். ஏன் கேட்டாள் என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

காரணம் வெளியில் சொல்லக் கூசுகிற காரணம். இன்னாசியம்மாள் இருபத்திரண்டு வருடம் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவள். திருச்சியில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஆறு மாதப் பயிற்சியை முடித்துவிட்டு, வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடந்தவர்களைக் குளிப்பாட்டி, புரட்டிப் போட்டு, கஞ்சி ஊட்டி, மாத்திரை கொடுத்தவள். கீரனூரில் விடிவதற்கு முன் வருகிற முதல் பஸ்ஸைப் பிடித்தால் திரும்பி வர ராத்திரி எட்டரை ஆகும். எந்த வீட்டுக்குள் போனாலும் முதல் வேலையாக நோயாளியை ஜன்னல் பக்கம் திருப்பிக் கீழ் இமையை இழுத்துக் கண்ணைப் பார்ப்பாள். அதன்பின் நாக்கு, நகம், கணுக்கால். வீட்டுக்காரர்கள் காபி நீட்டினாலும் இதை முடித்துவிட்டுத்தான் வாங்குவாள்.

அப்பேர்ப்பட்டவள் தன் புருஷனுக்குக் காமாலை கண்டதைப் பத்து நாள் பார்க்கவில்லை.

போகும்போது இருட்டு, வரும்போது இருட்டு. அவள் அவரைப் பார்த்ததெல்லாம் அந்த அறையில், டியூப்லைட் வெளிச்சத்தில். சுவருக்கு மகன் அறிவுச்செல்வன் கல்யாணத்தின்போது அடித்த மஞ்சள் டிஸ்டெம்பர். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். இங்கே கதை தலைகீழ். மஞ்சள் சுவருக்குள் இருந்த காமாலை, நல்ல கண்ணுக்குக்கூடத் தெரியவில்லை. அவர் டிராக்டர் பட்டறையில் வெயிலோடு கிடந்தவர். சோர்வாக இருந்தால் வயசு என்றார்கள், முகம் மாறினால் வெயில் என்றார்கள். அவளும் அதையே சொன்னாள்.

கடைசியில் கண்டுபிடித்தது ஒரு பஸ் கண்டக்டர். விராலிமலையில் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு இருவரும் போய்க்கொண்டிருந்தார்கள். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தவர் நின்று பார்த்தார்.

“பெரியவரே, கண்ணாடியில மொகத்தப் பாத்தீங்களா? கண்ணு மஞ்சக்கெழங்காட்டம் இருக்கே!”

பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பினார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்னாசியம்மாளும் அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள்.

பித்தக்குழாயில் கல் அடைத்திருந்தது. சீழ் பிடித்துவிட்டதால் நாற்பது நாள் திருச்சியில் கிடக்க வேண்டியதாயிற்று. அடைப்பை நீக்கி உள்ளே ஒரு சின்னக் குழாய் வைத்து அனுப்பினார்கள். “கொழாய் மறுபடி அடைக்கலாம். கண்ணு மஞ்சளானாலோ, ஒண்ணுக்கு கலங்கிப் போனாலோ, அன்னைக்கே கூட்டிட்டு வந்துடணும். குளிர் காய்ச்சல் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க” என்றார் டாக்டர். இன்னாசியம்மாள் வேலையை விட்டாள். வீட்டுக்கு வந்ததும் மஞ்சள் டிஸ்டெம்பரைச் சுரண்டச் சொன்னாள்.

வெள்ளை கூடாது, மஞ்சளும் கூடாது என்றால் மிச்சம் என்ன? பார்க்க வெள்ளை மாதிரி இருந்து, வெள்ளையாக இல்லாத ஏதோ ஒன்று. பெயிண்டர் ரெங்கராஜிடம் அப்படித்தான் சொன்னாள். அவன் புதன்கிழமை ஷேடு கார்டைக் கொண்டுவந்து, ஹாலுக்கு மாற்றிப் போட்டிருந்த கட்டிலில் விரித்தான்.

“அக்கா, இதுல வெள்ளை மட்டும் அறுபது இருக்கு. எனக்கே அஞ்சுக்கு மேல வித்தியாசம் தெரியாது. நீங்க எதக் காட்டுனாலும் நான் ஆமாங்கிறேன்.”

இன்னாசியம்மாளும் மருமகள் ஷர்லியும் மதியம்வரை உட்கார்ந்து அறுபதை இரண்டாக்கினார்கள். ஷர்லி கீரனூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர், அன்று லீவு. அறிவுச்செல்வன் சிங்கப்பூரில். அவனுக்குப் படம் அனுப்பினால், “ரெண்டும் ஒண்ணுதானே?” என்று பதில் வந்தது.

ஒன்று இல்லை. ஒன்றில் துளி மஞ்சள் ஓடியது. மற்றதில் துளி சிவப்பு. கட்டிலில் படுத்திருந்த சவரியப்பன் கார்டை வாங்கி மூக்குவரை கொண்டுபோய்ப் பார்த்தார்.

“இது சீம்பாலு. இது புழுங்கலரிசிச் சோறு. எதையாவது அடிங்க. சோறு சீக்கிரம் வந்தாச் சரி.”

அன்றிலிருந்து வீட்டில் மஞ்சள் ஓடியதற்குச் சீம்பால் என்றும், சிவப்பு ஓடியதற்குச் சோறு என்றும் பெயர்.

புதனன்று எதையாவது அடிங்க என்றவர் சனிக்கிழமை தானாகக் கூப்பிட்டு, “சீம்பாலையே அடிக்கச் சொல்லு” என்றார். ஞாயிறு பூசைக்குப் போய்விட்டு வந்த ஷர்லியிடமும் சொன்னார். ரெங்கராஜ் சுவரில் பட்டி தேய்த்துக்கொண்டிருந்தபோது அவனிடமும் போய்ச் சொன்னார்.

“மாமாவுக்குக் கலர்ல இம்புட்டு ஆர்வமா? கல்யாணத்துக்குச் சட்டை எடுக்கும்போதுகூட ‘ஏதோ ஒண்ணு’ன்னுதான சொன்னாங்க” என்று ஷர்லி சிரித்தாள். இன்னாசியம்மாளும் சிரித்தாள். பட்டறையை விட்டு வீட்டோடு கிடக்கிற ஆம்பளை, சுவரைப் பற்றிப் பேசாமல் எதைப் பற்றிப் பேசுவார்?

அது ஆடி மாதம். வாசலில் பரந்து கிடந்த செம்மண்ணைக் காற்று வாரிக் கொண்டுவந்து கொட்டியது. உள்ளே பட்டி தேய்க்கிற தூசி. ஆளாளுக்குக் கையைச் சொறிந்தார்கள். சவரியப்பனும் சொறிந்தார். கண்புரை ஆபரேஷனுக்குக் கொடுத்த கறுப்புக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். தூசி கண்ணில் விழாமல் இருந்தால் நல்லதுதான் என்று இன்னாசியம்மாளே சொன்னாள். காலையில் அவள் கண் பார்க்க வரும்போது அவர் எழுந்து, பல் தேய்த்து, கண்ணாடியும் மாட்டித் தயாராக இருப்பார். ஹாலின் மங்கலில் அதை உயர்த்தி, “பாத்துக்க” என்று மறுபடி இறக்கிவிடுவார். அவளுக்கோ ரெங்கராஜுக்கு டீ, ஷர்லிக்கு டிபன் டப்பா, சுரண்டிய குப்பையை அள்ளுகிற வேலை. சரி என்று போய்விடுவாள்.

திங்களன்று ரெங்கராஜ் பிரைமர் அடித்த சுவரில் கதவளவுக்கு இரண்டு பட்டை அடித்தான். இடதுபக்கம் சீம்பால், வலதுபக்கம் சோறு. காய்ந்ததும் தூரிகையைக் கழுவிக்கொண்டே கேட்டான்.

“சொல்லுங்கக்கா, எது?”

“சொவரப் பாத்து என்ன பண்றது? நீ அதுக்கு முன்னால உக்காரு.”

“நானா? நான் அடிக்கிறவன்க்கா.”

“நோய் நொடி இல்லாத ஆளு வேணும். உக்காருப்பா.”

மணி நாலு. மேற்கு ஜன்னல் வழியாக வெயில் வாசல் செம்மண்ணில் பட்டு உள்ளே அடித்தது. ரெங்கராஜ் பிளாஸ்டிக் நாற்காலியில் சுவரை ஒட்டி உட்கார்ந்தான். எந்தப் பட்டைக்கு முன் உட்கார்ந்தாலும் கல்யாண மாப்பிள்ளை போலச் செக்கச்செவேல் என்று இருந்தான்.

“இந்த வெளிச்சத்துல பொணம்கூட எந்திரிச்சு நடக்கிறாப்லதான் தெரியும்” என்றாள் இன்னாசியம்மாள்.

பொழுது சாய்ந்ததும் டியூப்லைட்டைப் போட்டு ஷர்லியை உட்கார வைத்தாள். இரண்டு பட்டைக்கு முன்னும் ஷர்லி ஒரு வாரம் பட்டினி கிடந்தவள் போல இருந்தாள்.

“அத்தை, போன்ல ரெண்டையும் எடுத்து ஒப்பிட்டுப் பாக்கலாமே?”

“எடுத்துப் பாரு.”

எடுத்தாள். போன் அதன் இஷ்டத்துக்கு எல்லாவற்றையும் வெளுத்துக் காட்டியது.

“அத்தை, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. மாமா கண்ணைப் பாக்கணும்னா தெனம் வாசலுக்குக் கூட்டிட்டு வந்து பாத்தாப் போதாதா? சொவத்துக்கு ஏன் இத்தன பாடு?”

இன்னாசியம்மாள் நாற்காலியை ஓரமாகத் தள்ளிப் போட்டாள்.

“ஊரான் வீட்டு ஆளா இருந்தா வாசலுக்குக் கூட்டிட்டு வந்து பாத்திருப்பேன். சொந்தப் புருஷன யாருத்தா வாசல்ல நிறுத்தி வச்சுக் கண்ண விரிச்சுப் பாக்குறா? சோறு போடும்போது ஒரு பார்வை, துணி எடுக்கும்போது ஒரு பார்வை. அந்தப் பார்வையிலயே தெரியணும். அதுக்குத்தான் சொவரு.”

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வெயில் கூரைக்கு மேல் ஏறியிருந்தது. அறைக்குள் செம்மண் சிவப்பும் இல்லை, டியூப்லைட் வெளுப்பும் இல்லை. சாதாரண வெளிச்சம். ஷர்லி பத்தரை மணிக்குப் போனால் போதும் என்று அனுமதி வாங்கியிருந்தாள். இன்னாசியம்மாள் ரெங்கராஜை இரண்டு பக்கமும் உட்கார வைத்துப் பார்த்தாள். வித்தியாசம் சொல்லும்படி எதுவும் இல்லை. நோயில்லாதவனை எங்கே உட்கார வைத்தாலும் நோயில்லாதவன்தான். பார்க்க வேண்டியது அவனை அல்லவே.

“என்னங்க, இங்கிட்டு வாங்க. செத்த நேரம் உக்காருங்க.”

“நான்தான் சொல்லிட்டேன்ல, சீம்பாலுன்னு. எதுக்கு என்னை வேற பொம்மையாட்டம் உக்கார வைக்கிற?”

“உங்க ரூமு. உங்க மூஞ்சிக்கு ஒத்து வரணும்ல.”

சவரியப்பன் வந்து இடதுபக்கம் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றச் சொன்னாள். கழற்றி, அவளை நேராகப் பார்த்தார். கண் நன்றாக இருந்தது. முகம்கூடத் தெளிச்சியாக இருந்தது.

“பாத்தியா? சீம்பாலு சீம்பாலுதான்” என்றார்.

“சரி. அங்கிட்டு மாறி உக்காருங்க.”

வலதுபக்கம் போனதும் கண்ணை மூடிக்கொண்டார்.

“கண்ணத் தொறங்க.”

“பெயிண்டு நெடி கரிக்குது.”

“அண்ணே, அது நேத்தே காஞ்சு போச்சே” என்றான் ரெங்கராஜ், உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு.

சவரியப்பன் அவனைத் திட்டுவதற்காகக் கண்ணைத் திறந்தார்.

இன்னாசியம்மாள் குனிந்தாள். கீழ் இமையை இழுத்தாள். வெள்ளை விழியின் ஓரத்தில், பழைய நோட்டுப் புத்தகத்தின் தாள் ஓரம் போல, ஒரு பழுப்பு மஞ்சள் ஏறத் தொடங்கியிருந்தது. அவரைக் கைப்பிடித்து எழுப்பி மறுபடி இடதுபக்கம் உட்கார வைத்தாள். மஞ்சள் காணாமல் போயிற்று. வலதுபக்கம் கொண்டுவந்தாள். இருந்தது. பிறகு வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய், வானத்தைப் பார்க்கச் சொல்லி, இரண்டு கண்ணையும் பார்த்தாள். சந்தேகமே இல்லை.

“எத்தன நாளா?”

“என்ன எத்தன நாளா?”

“ஒண்ணுக்கு எத்தன நாளா கலங்கிப் போகுது? என்கிட்ட வேணாம். நான் பாக்காத வியாதி இல்ல.”

ரெங்கராஜ் தூரிகையை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் நழுவினான். ஷர்லி போனை எடுத்து, பள்ளிக்கூடத்துக்கு முழு நாள் லீவு சொன்னாள்.

“வெள்ளிக்கெழமையிலேர்ந்து” என்றார் சவரியப்பன்.

“ஒடம்பு அரிப்பு?”

“அதுவும்தான்.”

“அப்ப தூசி இல்ல.”

“இல்ல.”

“அதுக்குத்தான் சீம்பாலு சீம்பாலுன்னு நின்னீங்களா?”

அவர் வாசல்படியில் உட்கார்ந்தார். கறுப்புக் கண்ணாடி கையில் இருந்தது. அதன் காலை மடக்குவதும் விரிப்பதுமாக இருந்தார்.

“அந்த மஞ்சச் சொவத்துக்குள்ள இருந்த வரைக்கும் நான் நல்லாத்தான இருந்தேன். யாருக்கும் ஒண்ணும் தெரியல. தெரிஞ்ச அன்னைக்குத் தூக்கிட்டுப் போயிப் போட்டீங்க. நாப்பது நாள். பக்கத்துக் கட்டில்ல மூணு பேரு போயிட்டாங்க. மறுபடி அங்க என்னால முடியாது, இன்னாசி.”

இன்னாசியம்மாள் அழுகிற பெண் அல்ல. எதிராளி அழுதாலும் அவள் முதலில் நாடியைத்தான் பிடிப்பாள். இப்போதும் பிடித்தாள். அலமாரியிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்து வந்து அவர் அக்குளில் வைத்து, பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள்.

“குளிர் வந்துச்சா?”

“இல்ல.”

“சத்தியமா?”

“மாதா சத்தியமா இல்ல.”

தெர்மாமீட்டரில் காய்ச்சல் இல்லை. அவள் அதை உதறி உறையில் போட்டாள்.

“இப்பக் கேளுங்க. அந்த நாப்பது நாளு காமாலைக்கு வந்த நாளு இல்ல. நான் பாக்காம விட்ட பத்து நாளைக்கு வந்த வெனை. அன்னன்னைக்குப் பாத்திருந்தா ரெண்டு நாள்ல கூட்டிட்டு வந்திருப்பேன். ஊருக்கெல்லாம் கண்ணு பாத்துச் சொன்னவ, உங்களுக்குப் பாக்கல. அத யார்கிட்டயும் சொல்லல. உங்ககிட்டயும் சொல்லல.”

அவர் திரும்பிப் பார்த்தார். முப்பத்தேழு வருடத்தில் தான் தவறு செய்துவிட்டதாக அவள் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

“கண்டக்டர் பயதான் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கல” என்றார்.

“அவரு சொல்லலைன்னா நீங்க இங்க உக்காந்து அவரத் திட்ட முடியாது. இன்னைக்கு அஞ்சாவது நாளு. காய்ச்சல் இல்ல. இன்னைக்குப் போனா கொழாய மாத்திட்டு அனுப்பிச்சிடுவாங்க. குளிர் வந்து போனா எத்தன நாளுன்னு எனக்குத் தெரியாது. நான் பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போக மாட்டேன். வாரீங்களா, இல்லையா?”

காற்று ஒரு கை செம்மண்ணை வாரிக் கொண்டுவந்து இருவர் மேலும் போட்டது. அவர் வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

“நீ கூட இருப்பியா? போன தடவை மாதிரி நர்சம்மாகூட நின்னு பேசிக்கிட்டே இருக்கக் கூடாது.”

“கட்டில் பக்கத்துலயே இருக்கேன்.”

“ஷர்லி, அந்தச் சாம்பல் சட்டைய எடு” என்று சவரியப்பன் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

ஷர்லி காருக்குச் சொல்லியிருந்தாள். இன்னாசியம்மாள் பையில் போட வேண்டியதைப் பத்து நிமிடத்தில் போட்டாள்: பழைய ரிப்போர்ட்டுகள், மாத்திரைச் சீட்டு, இரண்டு வேட்டி, ஒரு டம்ளர், ஒரு துண்டு. டாக்டரிடம் சொல்லவேண்டியதை ஒரு காகிதத்தில் நாலே வரியில் எழுதிக்கொண்டாள். சிறுநீர் எந்தக் கிழமையிலிருந்து, அரிப்பு எந்தக் கிழமையிலிருந்து, காய்ச்சல் இல்லை, சாப்பாடு குறைவு. திருச்சியில் மதியம் இரண்டு மணிக்குள் அட்மிஷன் முடிந்துவிட்டது. பார்த்த டாக்டர் அந்தக் காகிதத்தைக் கேஸ் ஷீட்டோடு சேர்த்துக் குத்திக்கொண்டார்.

குழாய் அடைத்துத்தான் இருந்தது. மறுநாள் காலையில் உள்ளே கூட்டிக்கொண்டு போய், முக்கால் மணி நேரத்தில் பழையதை எடுத்துப் புதியதை வைத்து வெளியே அனுப்பினார்கள். சீழ் இல்லை. சவரியப்பன் மயக்கம் தெளிந்து, தொண்டை வலிக்கிறது, காபி வேண்டும் என்று கேட்டார். கொடுக்கக் கூடாது என்றாள் இன்னாசியம்மாள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி கேட்டார். மறுபடியும் கூடாது என்றாள். சொன்னபடி அவள் கட்டில் பக்கத்து ஸ்டூலை விட்டு நகரவில்லை.

மதியம் ரெங்கராஜ் போன் செய்தான்.

“அண்ணே எப்படிக்கா இருக்காங்க?”

“நல்லா இருக்காரு. காபி கேட்டுச் சண்டை போடுறாரு.”

“அப்ப சரிக்கா. நான் பெயிண்டுக் கடையிலதான் நிக்கிறேன். மிஷின்ல கலந்துட்டா திருப்பி எடுத்துக்க மாட்டாங்க. அதான் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு. எத கலக்கச் சொல்ல?”

பதில் அவள் நாக்கு நுனியில் இருந்தது. நேற்று பத்து மணியிலிருந்தே இருந்தது. ஆனால் அதைச் சொல்லாமல், போனை அவர் பக்கம் நீட்டினாள்.

“ரெங்கராஜு. உங்க ரூமுக்கு எந்தக் கலருன்னு கேக்குறான்.”

சவரியப்பன் அவளைப் பார்த்தார். இது சும்மா கேட்கிற கேள்வி அல்ல என்று அவருக்குப் புரிந்தது. சீம்பால் என்றால் சீம்பாலை அடிக்க விடுவாள். அதன்பிறகு ஒவ்வொரு நாளும் அவள் சந்தேகத்தோடு பார்ப்பாள், அவர் மறைத்துக்கொண்டு திரிவார். அவர் போனைக் காதில் வைத்தார்.

“ரெங்கராஜு, அந்தச் சோத்து நெறத்தையே அடிப்பா.”

“என்னண்ணே, ஒரு வாரமா சீம்பாலுன்னு என் உசுர வாங்குனீங்க?”

“சீம்பாலு கன்னுக்குட்டிக்கு. நான் சோறு திங்கிறவன். அதையே அடி. நாலு சொவத்துக்கும்.”

போனைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினார். பிறகு மூடின கண்ணோடு கேட்டார்.

“நாளைக்கு வீட்டுக்குப் போயிடலாம்ல?”

“டாக்டர் வந்து சொல்லட்டும்.”

“டாக்டரக் கேக்கல. ஒன்னக் கேக்குறேன்.”

“கண்ணத் தொறங்க.”

திறந்தார். அவள் கட்டிலுக்கு மேலே குனிந்து, வெளிச்சம் விழும்படி அவர் தலையை லேசாகத் திருப்பி, நிதானமாகப் பார்த்தாள். அவசரப்படுத்தாமல் அவரும் பார்க்க விட்டார்.

“நாளைக்கு வேணாம்” என்றாள். “நாளான்னைக்குப் போகலாம்.”

“சரி” என்றார் சவரியப்பன்.